இரண்டே அணிகள், ஒரே மைதானம்... அதுவும் லீக்தான்! தென்காசி - குற்றாலத்துக்கு ஒரு கால்பந்துக் கணக்கு

சாரல் அடிக்கும் ஒரு சாயங்காலம். தென்காசிப் பக்கம் ஏதோ ஒரு பள்ளி மைதானம். ஒரு பக்கம் கோல் போஸ்ட் இருக்கிறது, வலை இல்லை. இன்னொரு பக்கம் போஸ்ட்டும் இல்லை. இரண்டு ஸ்கூல் பேக்தான் கோல். பதினைந்து, பதினாறு பேர் சேற்றில் பந்தை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் பார்சிலோனா ஜெர்சி, ஒருத்தன் போர்ச்சுகல் ஜெர்சி, மூன்றாமவன் பள்ளி யூனிஃபார்ம் சட்டையிலேயே. 'கோலா, இல்லையா' என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடக்கிறது. தீர்ப்பு சொல்ல ஆள் கிடையாது. இருட்டியதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே.

இந்தப் பையன்களில் ஒருவன் நிஜமாகவே நன்றாக ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் முந்நூறு சாயங்காலம் பந்தோடு இருக்கிறான். ஆனால், ரெஃப்ரி விசில் ஊத, இரண்டு பக்கமும் பதினோரு பேர் நிற்க, முழுதாகத் தொண்ணூறு நிமிடம் ஓடும் மேட்ச் அவனுக்கு வருடத்தில் எத்தனை கிடைக்கும்? பள்ளி அணியில் இரண்டு, மூன்று. திருவிழாவையோ பொங்கலையோ ஒட்டி நடக்கும் கோப்பைப் போட்டியில் ஒன்றோ, இரண்டோ. அவ்வளவுதான். முந்நூறு நாள் பயிற்சிக்கு ஐந்து மேட்ச்.

தமிழ்நாட்டில் சிறிய ஊர்களின் கால்பந்து சிக்கிக்கொண்டிருக்கும் இடம் இதுதான். ஆர்வத்துக்குக் குறைவில்லை. திறமைக்கும் குறைவில்லை. மேட்ச்தான் குறைவு.

நாக் அவுட் என்னும் ஒருநாள் கூத்து

நம் ஊர்களில் கால்பந்து என்றாலே 'மாபெரும் மின்னொளி கால்பந்தாட்டப் போட்டி' போஸ்டர்தான் ஞாபகத்துக்கு வரும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சிறந்த கோல் கீப்பருக்கு ஷீல்டு, சிறப்பு விருந்தினர்கள் பட்டியல், கூடவே அவர்கள் போட்டோ. எல்லாம் சரி. ஆனால், இவற்றில் பெரும்பாலானவை நாக் அவுட் முறையில் நடப்பவை. தோற்றால் வெளியே.

ஒரு சின்னக் கணக்கு. 16 அணிகள் கலந்துகொள்ளும் நாக் அவுட் போட்டியில் மொத்தம் 15 மேட்ச். முதல் சுற்றிலேயே 8 அணிகள் மூட்டையைக் கட்டிவிடும். அடுத்த சுற்றில் இன்னும் 4. ஆக, 16-ல் 12 அணிகள் அதிகபட்சம் இரண்டு மேட்ச் ஆடிவிட்டுக் கிளம்புகின்றன. வேன் வாடகை கொடுத்து, நுழைவுக் கட்டணம் கட்டி, காலையில் வந்து மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் அணிகள் இவை. நன்றாக ஆடுகிற அணிக்குத்தான் அதிக மேட்ச் கிடைக்கும். யாருக்கு அனுபவம் அவசரமாகத் தேவையோ, அவர்கள் முதலில் வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது லீக் கணக்கைப் பார்ப்போம். வெறும் 6 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் இரண்டு முறை மோதுகிறது. மொத்தம் 30 மேட்ச். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் 10 மேட்ச் உறுதி. முதல் வாரம் 5-0 என்று தோற்றவனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மேட்ச் இருக்கிறது. அவன் அந்த வாரம் முழுக்க எங்கே தப்பு நடந்தது என்று யோசிப்பான். நாக் அவுட்டில் தோற்றவன் அடுத்த போஸ்டருக்காகக் காத்திருப்பான்.

துணிக்கடைக்காரர் எழுதிய கடிதம்

லீக் என்ற ஏற்பாடே இந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான். 1880-களின் இங்கிலாந்து. கிளப்புகள் நிறைய, ஆனால், எப்போது யாரோடு மேட்ச் என்பது யாருக்கும் தெரியாது. கோப்பைப் போட்டி இருந்தால் நட்புமுறை மேட்ச் ரத்து. எதிரணிக்கு வேறு நல்ல அழைப்பு வந்தால் ரத்து. டிக்கெட் வாங்க வந்த கூட்டம் திட்டிக்கொண்டே திரும்பிப் போகும்.

பர்மிங்ஹாம் நகரில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரிகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகத்தில் இருந்தார். 1888 மார்ச் 2-ம் தேதி அவர் சில கிளப்புகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு முக்கிய கிளப்புகள் ஒன்று சேர்ந்து, உள்ளூரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை என்று நிச்சயமான மேட்ச் அட்டவணை போட்டுக்கொள்ளலாமே என்பதுதான் யோசனை. அதே ஆண்டு செப்டம்பரில் 12 கிளப்புகளோடு ஃபுட்பால் லீக் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் 22 மேட்ச். முதல் சீசனில் பிரஸ்டன் அணி ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. இன்று உலகம் முழுக்க நடக்கும் லீக்குகளுக்கு அந்தக் கடிதம்தான் பிள்ளையார் சுழி.

வேடிக்கை என்னவென்றால், பணம் கொழிக்கும் இன்றைய பிரீமியர் லீக்குக்கும் ஒரு தாலுகா லீக்குக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு தாளில் எழுதிய அட்டவணை. அதைக் கடைப்பிடிப்போம் என்ற வாக்கு.

இந்தியாவுக்கு இது வரவும் நாளாகவில்லை. கல்கத்தா லீக் 1898-லேயே தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் அது வெள்ளைக்காரர்களின் அணிகளுக்கான ஆட்டம். இந்திய கிளப்புகள் உள்ளே நுழையவே பல வருடங்கள் ஆயின. 1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங், அந்த லீக்கை வென்ற முதல் இந்திய கிளப் ஆனது. அதே 1934-ல்தான் இங்கே மெட்ராஸிலும் லீக் தொடங்கியது.

மெட்ராஸ் லீக் கொடுத்த வேலைகள்

சென்னை லீக்கின் கதை தென்காசிக்காரர்களுக்கு எதற்கு? ஒரு காரணம் இருக்கிறது. அது ஸ்டார் வீரர்களின் கதை மட்டுமல்ல. மாதச் சம்பளத்தின் கதையும்கூட.

சீனியர் டிவிஷன், அதற்குக் கீழே அடுத்தடுத்த டிவிஷன்கள். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. பேட்டைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்புகளும், வங்கி, ரயில்வே, ஐ.சி.எஃப், கஸ்டம்ஸ் என்று அலுவலக அணிகளும் ஒரே அட்டவணையில் மோதின. பேட்டை கிளப்பில் ஆடும் பையனை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட்ட காலம் அது. இந்தியன் வங்கி அணி இந்த லீக்கிலிருந்து 1990-களில் தேசிய கால்பந்து லீக் வரை போனது. இந்திய அணியின் கேப்டனாக இருந்த கேரளத்துக்காரர் வி.பி.சத்யன், தமிழகத்தின் சபீர் பாஷா போன்றவர்கள் அந்த வங்கியின் சட்டை போட்டு ஆடியவர்கள்தாம்.

பந்து வேலை வாங்கித் தரும் என்று ஒரு குடும்பம் நம்பினால், அந்தக் குடும்பத்தில் 'போய்ப் படிடா' என்ற சத்தம் கொஞ்சம் குறையும். இன்றும் தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்கு இடங்கள் உண்டு. ஆனால், அங்கெல்லாம் திருவிழாக் கோப்பையில் வாங்கிய ஷீல்டைக் காட்டினால் எடுபடாது. மாவட்டத்துக்கு ஆடி, மாநிலத்துக்கு ஆடி, அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். அந்த ஏணியில் முதல் படி, மாவட்ட சங்கத்தில் பதிவான ஒரு கிளப்.

கிளப், மாவட்ட சங்கம், மாநில சங்கம், அகில இந்திய கால்பந்து சம்மேளனம், அதற்கு மேலே ஆசிய அமைப்பு, கடைசியில் ஃபிஃபா. மெஸ்ஸி இருக்கும் அதே சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் ஒரு தாலுகா கிளப். வீரர்களின் பெயரை ஆன்லைனில் பதிவு செய்யும் வசதி இப்போது இருக்கிறது. ஒருமுறை பதிவானால், யார், எந்த வயது, எந்தக் கிளப் என்பதெல்லாம் பதிவேட்டில் நிற்கும். சீசன் நடுவில் நினைத்தபடி அணி மாறி ஆட முடியாது. கோப்பைப் போட்டிகளில் 'வெளியூர் பிளேயரை இறக்கிட்டான்' என்று வரும் அடிதடிக்கு இதுதான் மருந்து.

ஒரு பேட்டை கிளப், தேசிய சாம்பியன் ஆனது

1946-ல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்று தொடங்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் உள்ளூர் லீக் அளவில் இருந்த அந்தக் கிளப்தான் சென்னை சிட்டி எஃப்.சி என்று பெயர் மாறி, 2016-17 சீசனில் ஐ லீக்கில் நுழைந்தது. முதல் இரண்டு சீசன்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில் தள்ளாட்டம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2018-19-ல் சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி, அவரோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம்மூர்ப் பையன்கள். கோவை நேரு ஸ்டேடியம்தான் சொந்த மைதானம். 2019 மார்ச் 9, கடைசி நாள். ஜெயித்தால் பட்டம். வழுக்கினால் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். எதிரணி மினர்வா பஞ்சாப், மேட்ச் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோல் போட்டுவிட்டது. பாதி நேரம்வரை பின்தங்கித்தான் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் போட, 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி! மான்சிக்கு அந்த சீசனில் 21 கோல்.

தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ லீக்கை வென்றது அதுதான் முதல் முறை. அந்தப் பட்டத்தின் புண்ணியத்தில் ஆசியப் போட்டிகளிலும் ஆடினார்கள். பிறகு கொரோனா வந்தது. வீரர்கள் கலைந்தார்கள். 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. எழுபது வருடம் உள்ளூர் லீக்கில் தாக்குப்பிடித்த கிளப், உச்சத்துக்குப் போன இரண்டே ஆண்டுகளில் மேடையிலிருந்து இறங்கிவிட்டது. பெரிய லீக்கின் செலவு அப்படி. சின்ன லீக்கில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். ஒருவகையில் அதுதான் அதன் ஆயுள் ரகசியம்.

வியாசர்பாடி சொல்லும் செய்தியும் அதேதான். வடசென்னையின் அந்தப் பகுதியை 'மினி பிரேசில்' என்றே அழைக்கிறார்கள். அங்கிருந்து வந்த தனபால் கணேஷ் இந்திய அணிவரை போனார். தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவக் கிராமங்களுக்குப் போனால், கடற்கரை மணலே மைதானம். அங்கிருந்து கிளம்பிய மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் சகோதரர்கள் 2019-20-ல் ஐ.எஸ்.எல் பட்டம் வென்ற ஏ.டி.கே அணியில் ஒன்றாக இருந்தார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர்! கிராமத்துக்குக் கிராமம் அணி, அணிக்கு அணி போட்டி என்று தலைமுறையாக ஆடும் இடத்தில்தான் இப்படி நடக்கும்.

சீசன் முடிந்தால்தான் சீசன்

சரி, தென்காசிக்கு வருவோம். 2019 நவம்பர் 22-ம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. புது மாவட்டம் என்றால் புது கலெக்டர் ஆபீஸ் மட்டுமல்ல. விளையாட்டில் இதற்கு வேறொரு அர்த்தம் உண்டு. முன்பு நெல்லை மாவட்ட அணியில் ஒரு இடத்துக்குப் பாளையங்கோட்டைப் பையன்களோடு மோத வேண்டியிருந்த செங்கோட்டைப் பையனுக்கு, இப்போது தன் மாவட்டத்தின் பெயரிலேயே பதினோரு இடங்கள். கோவில்பட்டிக்கு ஹாக்கி எப்படியோ, அப்படி ஒரு விளையாட்டு அடையாளம் தென்காசிக்கு இனிமேல்தான் உருவாக வேண்டும். கபடியும் கிரிக்கெட்டும் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருக்கின்றன என்பது வேறு விஷயம்.

புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே கால்பந்து என்பது காய்ச்சல். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோவுக்கு ஆளுயரம் தாண்டிய கட் அவுட் வைத்தார்கள். ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. மலபாரின் 'செவன்ஸ்' ஆட்டம் தனி உலகம். அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், கட்டண கேலரி, ஆப்பிரிக்க வீரர்கள். 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதிகாரபூர்வ அமைப்பு அங்கீகரிக்காத ஆட்டம் அது. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் காற்று மலை தாண்டி இந்தப் பக்கமும் வீசத்தான் செய்கிறது.

இங்கே இருக்கும் பிரச்னை வேறு. குற்றாலத்தில் 'சீசன்' என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மெயினருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டும்போது, ஊரே கடை வைக்கும். ரம்புட்டான், மங்குஸ்தான் விற்பவர், எண்ணெய் மசாஜ் செய்பவர், லாட்ஜில் ரூம் பாய், ஆட்டோ ஓட்டுபவர் என்று இளைஞர்கள் எல்லோருக்கும் அந்த மூன்று மாதம்தான் வருடத்தின் வருமானம். ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச் என்றால் எவனாலும் வர முடியாது. வந்தாலும், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு இருக்கும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் சுற்றுலா வேன்களுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் முதல் பாதி முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், மகரஜோதி வரை. ஆக, குற்றாலத்து இளைஞனுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது பொங்கலுக்குப் பிறகுதான். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஏப்ரல், மே வெயில் மண்டையைப் பிளக்கும். ஜனவரி மூன்றாம் வாரம் முதல் மார்ச் கடைசி வரை எண்ணிப் பார்த்தால் சுமார் பத்து ஞாயிற்றுக்கிழமை.

6 அணி லீக்குக்கு வேண்டியதும் சரியாகப் பத்து ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் இரண்டு மேட்ச், சாயங்காலம் ஒன்று. ஒரே மைதானம் போதும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம், கடையநல்லூர் என்று பெயர் போட்டுப் பார்த்தாலே கை துறுதுறுக்கிறது. பிளஸ் டூ படிக்கும் பையன்களுக்கு மட்டும் மார்ச்சில் லீவு கொடுக்க வேண்டியிருக்கும். அம்மாக்களைப் பகைத்துக்கொண்டு எந்த லீக்கும் நடந்ததில்லை.

ஆறு அணி கிடைக்காவிட்டால்?

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து கடலுக்குள் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி சில்லித் தீவுகள் இருக்கின்றன. மக்கள்தொகை இரண்டாயிரம் சொச்சம். சுற்றுலாவும் பூ விவசாயமும்தான் பிழைப்பு. கோடையில் டூரிஸ்ட் கூட்டம் அள்ளும். குளிர்காலத்தில் பயணிகள் கப்பல்கூட ஓடாது, ஊர் வெறிச்சோடிவிடும். குற்றாலத்துக்காரர்களுக்கு இந்த வர்ணனை எங்கேயோ கேட்டதுபோல இருக்கும்.

இந்தத் தீவுகளில் ஒரு கால்பந்து லீக் நடக்கிறது. உலகின் மிகச் சிறிய லீக் என்று பெயர் வாங்கியது. மொத்தம் இரண்டே கிளப். கேரிசன் கன்னர்ஸ், உல்பேக் வாண்டரர்ஸ். ஒரே மைதானம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் இந்த அணி அந்த அணியோடு மோதும். அடுத்த ஞாயிறு? அந்த அணி இந்த அணியோடு! டூரிஸ்ட்டுகள் கிளம்பிய பிறகு, அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை இதே கதை. லீக் பட்டம் போதாதென்று தனியாகக் கோப்பைகளும் உண்டு. ஃபைனலுக்கு வரப்போவது யார் யார் என்ற சஸ்பென்ஸ் மட்டும் இருக்காது.

முன்பு தீவுக்குத் தீவு அணி இருந்தது. ஆட்கள் குறையக் குறைய, பெரிய தீவில் இரண்டு அணி என்று சுருங்கியது. இதில் ஒரு நேர்த்தியான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் இரண்டு கேப்டன்களும் உட்கார்ந்து, இருக்கும் வீரர்களை மாறி மாறித் தேர்ந்தெடுப்பார்கள். நம் தெருவில் 'எனக்கு நீ, உனக்கு அவன்' என்று ஆள் பிரிப்போமே, அதேதான். ஒரே அணி வருடா வருடம் ஜெயித்தால் மறு அணி ஆர்வம் இழந்துவிடும். இரண்டில் ஒன்று இழுத்து மூடினால் லீக்கே காலி. அதனால், பலத்தைச் சமமாக வைத்திருப்பது இரு தரப்புக்கும் வாழ்வா சாவா பிரச்னை. அடித்து நொறுக்க வேண்டிய எதிரியை உயிரோடு வைத்திருக்கவும் வேண்டும்!

2008-ல் அடிடாஸ் நிறுவனம் தன் விளம்பரத்துக்காக டேவிட் பெக்காம், ஸ்டீவன் ஜெரார்ட் உள்ளிட்ட நட்சத்திரங்களை இந்தத் தீவுக்கு அழைத்து வந்தது. நட்சத்திரங்கள் வந்த வேகத்தில் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் தொடர்ந்தது.

சுண்ணாம்பு, வலை, விசில்

லீக் நடத்த என்னதான் வேண்டும்? முதலில் இடம். நூறு மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலே ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். கோல் போஸ்ட் 24 அடி அகலம், 8 அடி உயரம். வலை. கோடு போடச் சுண்ணாம்புப் பொடி. சாரல் பெய்தால் அரை மணி நேரத்தில் கோடு கரைந்துவிடும் என்பது தென்காசி ஸ்பெஷல் தலைவலி. பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியரின் அனுமதி. ஓர் உடற்கல்வி ஆசிரியர் மனது வைத்தால் பாதி வேலை முடிந்தது. உண்மையில் சிறிய ஊர்களில் கால்பந்து பிழைத்திருப்பதே, ஞாயிற்றுக்கிழமையிலும் விசிலோடு மைதானத்துக்கு வரும் பி.டி மாஸ்டர்களால்தான்.

பிறகு ரெஃப்ரி. ஒரு ரெஃப்ரி, கோட்டோரம் இரண்டு உதவியாளர்கள். தோற்ற அணி முதலில் பாய்வது இவர்கள் மேல்தான். அதனாலேயே உள்ளூர்க்காரர்கள் விசிலை வாங்கத் தயங்குவார்கள். ஆனால், முறையான தேர்வு எழுதித் தேறினால் இது ஒரு தொழில். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபாதேவி அப்படித்தான் உள்ளூர் மைதானங்களில் தொடங்கி, 2016-ல் ஃபிஃபா ரெஃப்ரி பட்டியலில் இடம்பிடித்தார். தமிழகத்திலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண். பந்தாடும் வயது தாண்டியவர்களுக்கும், ஓட முடியும், ஆனால் பந்து காலில் நிற்காது என்பவர்களுக்கும் லீக்கில் ஓர் இடம் இருக்கிறது.

பெண்கள் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழகக் கால்பந்தில் அண்மைக் காலத்தில் அதிகம் சாதித்தவர்கள் ஆண்கள் அல்லர். ஆண்களுக்கான சந்தோஷ் டிராபி 1941-லிருந்து நடக்கிறது. தமிழகம் இன்னும் ஒருமுறைகூட வென்றதில்லை. பெண்கள் அணியோ 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று இரண்டாவது முறையும் கோப்பையைக் கொண்டுவந்தது. மதுரையின் சேது எஃப்.சி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். காவல்துறைப் பணியிலும் இருக்கிறார்.

மாவட்டத்தின் பையன் முந்நூறு சாயங்காலத்தில் ஐந்து மேட்ச் ஆடுகிறான் என்றால், அதே தெருவின் பெண் குழந்தைக்கு அந்தச் சாயங்காலமே கிடைப்பதில்லை. எட்டாம் வகுப்பு வரை அண்ணனோடு ஆடுவாள். அதற்குப் பிறகு 'போதும், உள்ளே வா.' கூட ஆட இன்னும் பத்துப் பெண்கள், எதிரே ஆட ஓர் அணி, பார்க்க நாலு அம்மாக்கள், பெரியவர்கள் கையெழுத்தோடு ஓர் அட்டவணை என்று இருந்தால், வீட்டில் அனுமதி கேட்கும்போது சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும். 'விளையாடப் போறேன்' என்பதற்கும் 'மேட்ச் இருக்கு' என்பதற்கும் நம் வீடுகளில் பெரிய வித்தியாசம் உண்டு.

இங்கேதான் சில்லித் தீவின் கணக்கு கைகொடுக்கிறது. பெண்களுக்கு ஆறு அணி தேட வேண்டாம். முப்பது பேர் கிடைத்தால் போதும். இரண்டு கேப்டன்கள், 'எனக்கு நீ, உனக்கு அவள்'. பத்து ஞாயிறு, பத்து மேட்ச்.

பெயர்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சில்லித் தீவுக்காரர்கள் தங்கள் ஊரின் இடப்பெயர்களையே அணிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த வழியில் போனால் ஓர் அணிக்கு 'ஐந்தருவி' என்று வைத்துவிடலாம். எதிரணிக்குத் தென்காசிக்காரர்கள் வேறென்ன வைப்பார்கள், 'பெரிய கோபுரம்'தான். பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கித் தர வேண்டியது தோற்ற அணியா, ஜெயித்த அணியா என்பதை மட்டும் முதல் மேட்ச்சுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ரெஃப்ரியிடம் பஞ்சாயத்து வரக் கூடாது.